காலநிலைக் கொள்கையில் தலித் குழந்தை எங்கே?

2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்திற்கு எதிராகப் பள்ளி மாணவர்களும் போராட்டப் பந்தலில் அமர்ந்தனர். நிலத்தடி நீர் குறித்த அந்த அச்சத்திற்கு அரசு பின்னர் செவிசாய்த்தது. 2020-இன் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன. வரவேற்கிறோம். எனினும் அச்சட்டம் காப்பது விளைநிலத்தை. நிலமற்ற தலித் குடும்பத்துப் பிள்ளையின் தண்ணீர்க் கவலை எச்சட்டத்தில் அடங்கும்?

2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. அதே மாதம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே தொட்டியைத் திறந்து பார்த்தனர். இது வன்கொடுமை, சுற்றுச்சூழல் விவகாரமன்று என்பர் சிலர். வறட்சி முற்றும்போது தண்ணீர் முதலில் எத்தெருவில் நின்றுபோகும் என்பதை அறிந்த நம்மால் அவ்வாறு பிரித்துப் பார்க்க இயலாது.

கானமயில் வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 21-ஆவது உறுப்பில் மட்டுமன்றி, சமத்துவம் பேசும் 14-ஆவது உறுப்பிலும் கண்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான காலநிலை இயக்கத்தின் முன் இத்தீர்ப்பை வைத்து, மரக்கன்றுகளின் கணக்கோடு ஒவ்வோர் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்க் கணக்கையும் வெளியிடுமாறு கோருகிறோம்.