மின்கம்பி இணைப்பில் சிக்கனம் வேண்டாம்

அறுந்த பாவிழையை முடிச்சிடுவதில் நம் நெசவாளர் காட்டும் பொறுமையை அறியாதார் இலர். அதே தறிக்கூடத்தில் மின்கம்பி அறுந்தால் நடப்பதென்ன? இரு முனைகளையும் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி, வேலை முடிந்ததென்று விட்டுவிடுகின்றனர். வயலிலுள்ள பம்பு செட்டிலும் இதே நிலைதான். இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

'கோளாறு என்றால் ஃபியூஸ் போய்விடாதா?' எனச் சிலர் வினவலாம். ஃபியூஸ் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டே உருகும். தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் மிகுவதில்லை. அந்த ஓரிடம் மட்டும் சூடேறுகிறது. இணைப்பின் மின்தடை 0.1 ஓம் என்றும், அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகிறதென்றும் கொள்வோம். அங்கே 10 வாட் வெப்பம் பிறக்கும். 20 ஆம்பியர் ஓடினால் வெப்பம் நான்கு மடங்காகி 40 வாட் ஆகும். பஞ்சுத் தூசி படியும் கூடத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. மும்முனை மோட்டாரில் ஓர் இணைப்பு விட்டுப்போனால், தக்க காப்புச் சாதனம் இல்லாவிடில், சுருள் கருகிவிடும். சில ரூபாயை மிச்சம் பிடித்தவர் காயில் கட்டும் செலவை ஏற்க நேரிடும்.

ஆகவே, இடத்திற்கேற்ற கனெக்டரைத் தேர்ந்தெடுத்தல் அவசியம். கம்பியின் பருமனே முதல் அளவுகோல். உறையிட்ட கிரிம்பிங் லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும், நீலம் 1.5 முதல் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும் உரியவை. இவற்றைச் சாதாரணக் குறட்டால் நசுக்குவது பயன் தராது. அதற்கென உள்ள கருவியாலேயே அழுத்த வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கலாகாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இரு உலோகங்களுக்கும் பொருந்தும்படி செய்த இணைப்புகளே அங்கு ஏற்றவை.

ஓடும் கம்பியிலிருந்து கிளை பிரிக்கும்போது, உறையைக் கடித்துப் பிடிக்கும் சிறு கிளிப்புகளைச் சிலர் நாடுகின்றனர். வாகன விளக்கு போன்ற சிறு மின்னோட்டத்திற்கே அவை தகும். தறிக்கும் பம்புக்கும் ஆகா. மூடியுள்ள பெட்டியினுள் திருகு கனெக்டரை வைத்துக் கிளை பிரிப்பதே முறை. நீர்மூழ்கி மோட்டாரின் கேபிளில் இணைப்பின் மேல் நீர் புகாத உறையும் வேண்டும்.

நல்ல அழுத்துக் கருவியை ஒவ்வொருவரும் விலைக்கு வாங்குதல் எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. கூட்டுறவு எதற்கு இருக்கிறது? சங்கம் ஒரு கருவியை வாங்கி வைக்கட்டும். பல அளவிலான கனெக்டர்களையும் விதையும் நூலும் போல் இருப்பில் வைக்கட்டும். உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை ஏற்பாடு செய்து, மெயினை நிறுத்தி அங்கத்தினரின் பழைய இணைப்புகளைச் சோதிக்கச் செய்யட்டும். இத்தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் கொணருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். இதற்காகும் செலவு ஒரு மோட்டார் கருகினால் ஏற்படும் இழப்பினும் பெரிதன்று. ஓர் உயிரின் முன் அது கணக்கில் கொள்ளத்தக்கதுமன்று.