ஊர் மந்தையோடு நிற்கும் சாலை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். கட்டட வேலை முடிந்து, தூக்குவாளியும் கரண்டியுமாக உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கத்துப் பேருந்துகளில் ஏறுகிறவர்களில் நம் மக்கள் நிறையப் பேர். பேருந்து ஊர் மந்தையில் இறக்கிவிடும். அங்கிருந்து காலனிக்கு நடைதான். மழைக்காலமென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இதே மதுரைக்குத்தான் 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டம் கிடைத்தது. அது போட்டி வைத்துக் கொடுத்த பணம். நகரங்கள் திட்ட அறிக்கை எழுதி மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. வென்ற நகரத்துக்கு ஐந்தாண்டுகளில் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் வரை தருவதாக இருந்தது. மாநிலமும் அதே அளவு போட வேண்டியிருந்தது. அறிக்கை தயாரிக்கவே 2 கோடி ரூபாய் முன்பணம். முதல் கட்டத் தேர்வில் வரி வசூலுக்கு மதிப்பெண் இருந்தது, ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கியில்லாமல் கொடுப்பதற்கும் இருந்தது. சேரிக்குள் சாலை போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. பணம் பெரியார் பேருந்து நிலையத்துக்கும், கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கும், வைகைக் கரைக்கும் போனது. பெரியார் நிலையத்தில் நாமும்தான் ஏறி இறங்குகிறோம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், அறிக்கை எழுத ஆள் வைத்திருப்பவருக்கே பணம் என்றால் நம் காலனி எந்தக் காலத்தில் போட்டியில் சேரும்?

கிராமத்துக்குப் போட்டி இல்லை, அளவுகோல் உண்டு. 2000இல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதிப்படி, சாலை வசதியுள்ள குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், அது ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பு. நம் காலனிகள் பலவும் ஊரிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டரில்தான் இருக்கின்றன. ஒதுக்கி வைக்கச் சாதிக்குப் போதுமானதாக இருந்த தூரம், சாலை போட அரசுக்குப் போதவில்லை! அந்த முந்நூறு மீட்டரில்தான் பிரசவத்துக்குப் போகிறவளைக் கட்டிலில் தூக்கி வருகிறோம், பிணத்தையும் தூக்கிப் போகிறோம்.

2011 கணக்கெடுப்புப்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்கவே 2024இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பொதுவாகப் போடும் சாலையிலும் பாலத்திலும் நமக்கும் பங்கு உண்டு என்று கணக்கெழுதி முடிக்கும் பழைய பழக்கம் இனியும் தொடரக் கூடாது. அயோத்திதாச பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவித்தார்கள். மாநிலம் முழுவதற்குமான தொகை அது; ஒரு ஸ்மார்ட் சிட்டிக்கு ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து தருவதாகச் சொன்னதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இனி எந்த நிதிக்குப் போட்டி வைத்தாலும், பட்டியல் சாதிக் குடியிருப்புக்குள் போட்ட சாலைக்கும் விட்ட பேருந்துக்கும் தனி மதிப்பெண் வேண்டும். 500 மீட்டர் விதியைக் காலனியின் கடைசி வீட்டிலிருந்து அளக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் நம் காலனிச் சாலை எந்தத் திட்டப் பட்டியலில், எத்தனையாவதாக இருக்கிறது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.