பழைய அமைப்பேடும் புதிய கர்னலும்

கணினியைக் கையாளுவோருட் பெரும்பாலோர் அதனுள்ளிருந்து ஆட்சி புரிவது யாதென வினவுவதில்லை. கர்னல் எனப்படும் உட்கருவே அவ்வாட்சியை நடத்துவது. விசைப்பலகையின் தட்டலைக் கேட்பதும், திரையில் எழுத்தைத் தோற்றுவிப்பதும், நினைவகத்தைப் பங்கிட்டளிப்பதும், வட்டிலுள்ளதைப் படித்துத் தருவதும் அதன் தொழில்களாம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கர்னல், இந்நாளில் ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. அதனைத் தம் கையால் தொகுத்துக்கொள்வோர் ஒவ்வொரு முறையும் ஒரு வினாவை எதிர்ப்படுகின்றனர்: பழைய கர்னலுக்குச் செய்திருந்த தெரிவுகளைப் புதியதற்கு எங்ஙனம் கொண்டுசெல்வது? இதற்கு எளிய விடையொன்று உண்டு. அவ்வெளிய விடை போதாது என்பதே யான் ஈண்டு வற்புறுத்த விழைவது.

அத்தெரிவுகள் யாவும் ‘டாட் கான்ஃபிக்’ என்னும் ஒரு கோப்பினுள் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். அதனை அமைப்பேடு என்று வழங்குவோம். ஓர் உறுப்பின் பெயருக்கு எதிரே ‘ஒய்’ என்றிருப்பின் அது கர்னலினுள்ளேயே கட்டப்படும். ‘எம்’ என்றிருப்பின் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக நிற்கும். வேண்டாவெனின் அமைக்கப்படவில்லை என்னும் குறிப்பு மட்டும் இருக்கும். பழைய ஏட்டைப் புதிய மூலநிரல் அடைவிற் படியெடுத்து வைத்து, ‘மேக் ஓல்ட்கான்ஃபிக்’ எனக் கட்டளையிட்டால், புதிதாய் வந்த உறுப்புக்களைப் பற்றி மட்டும் ஒவ்வொன்றாக நம்மை வினவும். ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ என்றாலோ, வினவாமலே ஒவ்வொன்றிற்கும் இயல்பு விடையை இட்டுக்கொள்ளும். முன்னதிற் பொறுமை வேண்டும். பின்னது நொடிப்பொழுதில் முடியும். யான் எதனைக் கைக்கொண்டிருப்பேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காலஞ்சென்ற என் மாமா தாம் வழங்கிய கணினியை எனக்கு விட்டுச்சென்றார். அதிலிருந்த 6.1 கர்னல் அவரே தொகுத்தது. உடன் ஒரு பழைய வட்டும் இருந்தது. என் பாட்டியார் பாடிய தாலாட்டுக்களும் சொல்லிய கதைகளும் அதில் ஒலிப்பதிவாய் இருந்தன. சென்ற விடுமுறையில், 6.13-க்குப் பிந்திய பதிப்பொன்றை, மாமாவின் அமைப்பேட்டையே கொண்டு, இரண்டாவது கட்டளையால் தொகுத்தேன். கணினி செவ்வனே எழுந்தது; இணையமும் வந்தது. நானும் என் திறமையை மெச்சிக்கொண்டேன். ஒரு வாரங் கழித்து அவ்வட்டை இணைத்தபோது, அதன் கோப்பு முறைமையை அறியேன் என்று கர்னல் கைவிரித்தது.

காரணம் பின்னர் விளங்கிற்று. அவ்வட்டு ரெய்சர்எஃப்எஸ் என்னும் முறைமையில் அமைந்தது. 2001-ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்ந்த அம்முறைமை, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 6.13 பதிப்பில் நீக்கப்பட்டது. மாமாவின் ஏட்டில் அதன் பெயர் இருந்தது. புதிய கர்னல் அப்பெயரை அறியாது. அறியாத பெயரைக் கண்டால் அமைப்புக் கருவி வழக்கமாகக் கூச்சலிடுவதில்லை. ஒன்றுஞ் சொல்லாமல் அவ்வரியை விட்டுவிடுகின்றது. முதற் கட்டளையைக் கைக்கொண்டிருந்தாலும் இவ்வண்ணமே நேர்ந்திருக்கும் என்பது கருதத்தக்கது. அது வந்தவரைப் பற்றி வினவுமேயன்றிப் போனவரைப் பற்றி வாய் திறவாது.

இதில் ஆக்கியோரைக் குறைகூற இடமில்லை. நீக்கப்போவதை அவர்கள் 2022-ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். வட்டை இணைக்குந்தோறும் பழைய கர்னல் தன் பதிவேட்டில் எச்சரித்தும் வந்தது. படியாதவன் யானே. நல்வினைப் பயனாகப் பழைய கர்னலை அழியாது வைத்திருந்தேன். அதனைக் கொண்டு கணினியை எழுப்பி, ஒலிப்பதிவுகளை வேறொரு வட்டிற்கு மாற்றியபின்னரே என் நெஞ்சு ஆறிற்று.

இஃது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் 2.6 பதிப்பு வெளிவந்த காலத்தில், 2.4-இன் ஏட்டை அப்படியே கொண்டுசென்றோருட் சிலர்க்குத் திரை இருண்டது; விசைப்பலகையும் செயலற்றது. உள்ளீட்டுப் பகுதி என்னும் வாயில் பழைய ஏட்டில் அடைபட்டிருந்தது. புதிய கர்னலிலோ திரைப்பகுதியும் அவ்வாயிலையே சார்ந்திருந்தது. 2006-ஆம் ஆண்டில் 2.6.19 வந்தபோது, சாட்டா வட்டுக்களுக்குரிய இயக்கிகள் புதிய இடத்திற்குப் பெயர்ந்து புதுப் பெயரும் பூண்டன. பெயர் மாற்றத்தைக் கவனியாதோர் கர்னல் தன் மூலவட்டையே காணாது திகைத்து நின்றது. 2024-ஆம் ஆண்டின் 6.9 பதிப்பில், ஸ்பெக்டர் என்னும் குறைபாட்டைத் தடுக்கும் ரெட்போலின் முதலிய காப்புக்களின் பெயர்களுக்கு முன்னே ‘மிட்டிகேஷன்’ என்னும் அடைமொழி சேர்ந்தது. பழைய பெயரில் ஒருவர் செய்திருந்த தெரிவு புதிய பெயருக்குத் தானே செல்வதில்லை.

தமிழ் பயிலும் நமக்கு இது புதிய செய்தியன்று. செல்லரித்த சுவடியைப் புத்தோலையிற் பெயர்த்தெழுதுவோன், தனக்கு விளங்காத சொல்லை வாளா விட்டுச்சென்றால், படி அழகாகவே இருக்கும். ஆனால் ஒரு சொல் மாண்டிருக்கும். மாண்டதென்பதும் படிப்பவர்க்குத் தோன்றாது. விட்ட இடத்தைக் குறித்து வைப்பவனே நல்ல எழுத்தாளன்.

என் நண்பர் ஒருவர் இதனை மறுத்துரைத்தார். பல பதிப்புக்களைத் தாண்டிச் செல்லுங்கால் வினாக்கள் நூற்றுக்கணக்கில் எழும். அவற்றையெல்லாம் படிக்க ஆயுள் போதுமா? ஆக்கியோர் வகுத்த இயல்பு விடையை நம்புவதே அறிவுடைமையன்றோ என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. புதியதோர் உறுப்பின் இயல்பு விடை பொதுவாக வேண்டாமென்றே இருத்தல் வேண்டும். முன்பு எப்போதும் கட்டப்பட்டு வந்ததற்கும், பிற தெரிவுகளுக்கு வாயிலாய் நிற்பதற்கும் வேண்டுமென்று இருக்கலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. விதி நன்றே. எனினும் அஃது உலகோர்க்குப் பொதுவாய் வகுத்தது. என் பாட்டியாரின் குரல் எவ்வட்டில் உள்ளதென்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? வேறு சிலர், விநியோகத்தார் தொகுத்தளிக்கும் கர்னலே போதுமென்பர். அவர்க்கு இத்தொல்லை பெரிதும் இல்லை. அவர்பொருட்டு வேறொருவர் அதனைச் சுமக்கின்றார். தாமே தொகுக்கத் துணிந்தோர் அச்சுமையையும் தாமே ஏற்றல் முறைமை.

அச்சுமையும் பெரிதன்று. ‘மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்’ என்பது புதிய பெயர்களைப் பட்டியலிட்டுக் காட்டும். மூலநிரலோடு வரும் ‘டிஃப்கான்ஃபிக்’ என்னுங் கருவியிடம் பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் கொடுத்தால், சேர்ந்தன, நீங்கின, மாறின என மூவகையும் வரிசைப்படுத்தும். நீங்கியவற்றின் வரிசையை மட்டுமேனும் படித்திருப்பேனாயின், ரெய்சர்எஃப்எஸ் என்னும் பெயர் என் கண்ணிற் பட்டிருக்கும். புதிய கர்னல் ஐயமற நிலைபெறும் வரை பழையதை அழியாதிருத்தலும் வேண்டும்.

இவற்றினும் மேலாக ஒன்றுண்டு. மாமாவின் ஏட்டில் அவர் தெரிவுகள் அனைத்தும் இருந்தன. அவற்றின் காரணம் ஒன்றேனும் இல்லை. இதை ஏன் வேண்டுமென்றீர் என்று இன்று அவரை வினவ இயலாது. ஆதலின் யான் இப்போது அமைப்பேட்டோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் வைத்திருக்கின்றேன். யான் மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் அதில் ஒரு வாக்கியத்தில் இருக்கும். நண்பர்காள்! விடைகளை மட்டும் கொண்டுசென்றால், பெயர் மாறிய அன்றே அவை பயனற்றுப்போம். காரணத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள். எப்பெயரில் வினவினும் அது விடை தரும்.