மேடையில் ஒரு முகம், வாக்குச்சீட்டு யார் கையில்?

ஹாலிவுட்டின் விருது விழாவை யார் தொகுத்து வழங்கினால் நமக்கென்ன? நியாயமான கேள்விதான். அந்த விழாக்களில் பெரும்பகுதி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி இருப்பதில்லை. ஆனாலும் 2017இல் மஹெர்ஷலா அலி ஆஸ்கர் வாங்கியபோது, நடிப்புக்காக அவ்விருதை வென்ற முதல் முஸ்லிம் என்ற செய்தியை நாமும்தான் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம். நம்மவர் முகம் மேடையில் தெரிந்தால் மனம் குளிர்ந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்ட எந்தச் சமூகத்துக்கும் அப்படித்தான். அந்தக் குளிர்ச்சியை நம்பியே சில தொகுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கோல்டன் குளோப் விருதை அப்போது வழங்கிவந்தது, ஹாலிவுட்டைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்களுக்கு எழுதும் செய்தியாளர்களின் சங்கம். மொத்தம் 87 உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை என்பதை 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. டாம் குரூஸ் தாம் பெற்ற மூன்று விருதுகளையும் திருப்பிக் கொடுத்தார். 2022 விழாவை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. சங்கம் அவசர அவசரமாகச் சில கறுப்பினச் செய்தியாளர்களைச் சேர்த்துக்கொண்டது. 2023 ஜனவரியில் விழா மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது தொகுப்பாளராக நின்றவர் ஜெராட் கார்மைக்கேல் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்.

எதற்காக அழைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் கறுப்பன் என்பதால்தான் இங்கே நிற்கிறேன் என்று மேடையேறியவுடனே சொல்லிவிட்டார். 5 லட்சம் டாலர் சம்பளம் பேசியதையும் மறைக்கவில்லை. சங்கத் தலைவர் தம்மைச் சந்திக்க விரும்பியதையும் தாம் மறுத்ததையும் அதே மேடையில் போட்டுடைத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு உண்மையையும் சொன்ன அந்தத் துணிச்சல் நமக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் பேச்சால் யார் யாருக்கு விருது என்பது மாறவில்லை. வாக்குகள் அதற்கு முன்பே எண்ணப்பட்டுவிட்டன. சில மாதங்களில் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டு, விருது தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது.

ஆஸ்கரிலும் இதைப் பார்த்தோம். 2016 விழாவுக்கு கிறிஸ் ராக்கை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பிறகு வந்த பரிந்துரைப் பட்டியலில், நடிப்புப் பிரிவுகளின் 20 இடங்களும் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக வெள்ளையருக்கே போயிருந்தன. விலகிவிடுங்கள் என்று பலர் கேட்டும் அவர் விலகவில்லை. அகாடமியை மேடையிலேயே கிண்டலடித்தார், எல்லாரும் சிரித்தார்கள். அதே இரவில் மூன்று ஆசியச் சிறுவர்களை மேடையேற்றி, ஆசியர்களைப் பற்றிய தேய்ந்துபோன ஒரு பகடியையும் அவர் செய்தார். இயக்குநர் ஆங் லீ உள்ளிட்ட அகாடமி உறுப்பினர்கள் எழுத்து மூலம் கண்டித்த பிறகே அகாடமி வருத்தம் தெரிவித்தது. ஒரு சமூகத்தின் வலியைப் பேச வந்தவர் இன்னொரு சமூகத்தின் வலியைக் காணவில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்கர் வாக்காளர்களில் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள் என்று 2012லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதியிருந்தது. பெண்கள், சிறுபான்மையினரின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதென்று 2016 ஜனவரியில், விழாவுக்கு ஒரு மாதம் முன்புதான் அகாடமி முடிவெடுத்தது. தொகுப்பாளரின் கிண்டல் மறுநாள் தலைப்புச் செய்தி ஆனது. இந்த முடிவைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

அது எதற்கு உதவியது என்பதை 2025இல் பார்க்க முடிந்தது. மார்ச் தொடக்கத்தில் பாலஸ்தீன ஆவணப்படமான 'நோ அதர் லேண்ட்' ஆஸ்கர் வென்றது. அந்த மாதமே அதன் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பலால், மேற்குக் கரையில் தம் ஊரிலேயே குடியேறிகளால் தாக்கப்பட்டு, இஸ்ரேல் ராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார். தன் கையால் விருது கொடுத்த கலைஞரின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் மழுப்பலாக ஒரு கடிதம் வெளியிட்டது அகாடமி. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். சில நாட்களிலேயே அகாடமி பலாலின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கிய கோனன் ஓ பிரையனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் வாக்குரிமை உள்ளவர்கள்.