மகமை வாங்கிய ஊரில் மண் ரோடு

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சாத்தூரிலிருந்து நல்ல தார் ரோட்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிற ஊர். அரசாங்கம் கவனிக்காமல் இருக்க முடியாது. இங்கே பேச்சு அந்த ரோட்டைப் பற்றி அல்ல. இந்த வட்டாரத்துத் தார் ரோடுகளிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் போகிறதே வண்டிப்பாதை, அதைப் பற்றி. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பாதைகள்தான். ஓரத்தில் சம்சாரிகளின் மக்காச்சோளமும் பருத்தியும், கொஞ்சம் தள்ளி இரண்டு மூன்று பட்டாசு ஆலைகள் (உள்ளூர்க்காரர்களுக்கு அது 'ஆபீஸ்').

ஆலை ஏன் மெயின் ரோட்டில் இல்லை? இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். 2008-ம் வருட வெடிபொருள் விதிகளின்படி அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், வீடுகளிலிருந்தும் பொதுச் சாலையிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். ஆக, ஆபத்தான தொழிலை ஊருக்கு வெளியே தள்ளியாயிற்று. அங்கே போகிற பாதை மட்டும் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் கரிசல் மண் களியாகி டயரைப் பிடித்துக்கொள்ளும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். இனி ஒரு விபத்து நடக்கவே கூடாது. நடந்துவிட்டால் தீயணைப்பு வண்டியும் 108-ம் இதே மாதிரிப் பாதையில்தான் வந்தாக வேண்டும்.

"பஞ்சாயத்து போட்டுத் தரட்டும்" என்பதுதான் எல்லோருடைய பதிலும். நியாயமான பதில்தான். ஆனால் பாதை வருவாய்த் துறை வரைபடத்தில் பாதையாக இருந்தால்தான் அது நடக்கும். பல இடங்களில் அது யாரோ ஒருவருடைய பட்டா நிலம். தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்த நடைபாதை, பேரன் காலத்தில் லாரி போகிற பாதையாகிவிட்டது. பட்டா நிலத்தில் அரசுப் பணம் செலவாக வேண்டுமென்றால், நிலத்துக்காரர்கள் எல்லோரும் பாதைக்குரிய துண்டைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் போச்சு.

எழுதிக் கொடுத்த பிறகு வழி இருக்கிறது. 1997-98-ல் தமிழக அரசு தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம், 2011-12-ல் 'தன்னிறைவுத் திட்டம்' ஆகி, 2021-22-ல் பழைய பெயருக்கே திரும்பியது. (ஆட்சி மாறினால் பெயர் மாறும், அது இருக்கட்டும்.) பொதுவான விதி, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு. ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு இரண்டு லட்சம் திரட்டினால் போதும். இது கூட ஏன் நடப்பதில்லை?

பணம் இல்லாமல் அல்ல. இதே ஊர்களில் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி பாக்கியில்லாமல் வசூலாகிறது. வெளியூரில் வேலை பார்க்கிறவன்கூட அனுப்பிவிடுகிறான். கோயிலுக்கு வரி கட்டாதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது, அந்தப் பயம் வேலை செய்கிறது. ரோட்டுக்குப் பணம் கட்டாதவனை என்ன செய்வது? அவன் வண்டியும் அதே ரோட்டில்தான் போகும். மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். பலன் எல்லோருக்கும் பொது என்றால், அடுத்தவன் கட்டட்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருப்பான். சாத்தூர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அதற்காகத் தலைக்கட்டு முறையை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவரலாமா என்றால், கூடாது. சில குடும்பங்களிடம் சாதியைச் சொல்லி வரியே வாங்காமல் ஒதுக்கி வைக்கிற கொடுமையும் அந்த முறைக்குள்தான் இருக்கிறது. தவிர, தலைக்கு இவ்வளவு என்பது ரோட்டுக்குப் பொருந்தாத கணக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. மூன்று ஆலைகள், ஒன்பது சம்சாரிகள், அரசு உதவி எதுவும் இல்லாமல் ஆறு லட்சம் செலவு. தலைக்குச் சமமாகப் போட்டால் ஆளுக்கு 50,000. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரன் இதைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். அதுவே போகிற லோடை வைத்துக் கணக்குப் போட்டால்? ஆலைக்கு வருடம் 300 லோடு, சம்சாரிக்கு 10 லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 990, லோடுக்குச் சுமார் 606 ரூபாய். சம்சாரிக்கு 6,060, ஆலைக்கு 1,81,800. ரோட்டை உடைப்பது லாரிதானே, பைக் இல்லையே! ஆனால் முழுக்க லோடு மேல் போட்டால், "எல்லாம் நான் கொடுத்தேன், கேட்டும் நானே போடுகிறேன்" என்று ஆலைக்காரர் கிளம்பிவிடுவார். ரோடு வந்தால் சம்சாரியின் நில விலையும் ஏறத்தான் செய்யும். ஆகவே கால் பங்கை ஏக்கர் கணக்கிலும் முக்கால் பங்கை லோடு கணக்கிலும் பிரிப்பதுதான் சரி.

சுவீடனில் அரசுச் சாலைகளைவிடத் தனியார் சாலைகளின் நீளம் அதிகம். நிலக்காரர்கள் சட்டப்படி சங்கம் வைத்து, யார் எவ்வளவு பாரம் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். அதற்காக சுவீடன் வரை போக வேண்டியதும் இல்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் நாடார் வியாபாரிகளின் உறவின்முறைகள் 'மகமை' வசூலித்தது எப்படி? தலைக்கு இவ்வளவு என்று அல்ல, சரக்குக்கு இவ்வளவு என்று. அதிகம் விற்றவர் அதிகம் கொடுத்தார், வியாபாரம் படுத்த வருடம் தானாகக் குறைந்தது. அந்த மாதிரிப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும்தான் 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம். மகமை ஒரு சாதிக்குள் நடந்தது, ரோட்டுச் சங்கம் அப்படி இருக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்ட விதத்தை எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

சாதி, உறவு எதுவும் இல்லாமல் முன்பணம் திரளுமா என்று கேட்பவர்களுக்கு ஆலந்தூர் இருக்கிறது. சென்னையை ஒட்டிய அந்த நகராட்சி, ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் வைப்புத்தொகை வாங்கியது. தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசியே இது நடந்தது.

சங்கம் பதிவது பெரிய வேலை இல்லை. 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், அது நல்லதுதான். கஷ்டம் இரண்டாவது வருடத்தில்தான் ஆரம்பிக்கும். ரோடு போடப் பணம் தருகிறவன், போட்ட ரோட்டைப் பராமரிக்கத் தர மாட்டான். கரிசலோ மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கிற மண். அடியில் கிராவல் கெட்டியாக இல்லாமல், ஓரத்தில் வாய்க்கால் எடுக்காமல் தாரை ஊற்றினால் இரண்டு மழைக்குத் தாங்காது. ஆகவே முதல் வசூலிலேயே ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று வங்கியில் தனியாகப் போட்டுவிட வேண்டும். தலைவர், பொருளாளர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும், அதில் ஒருவர் கட்டாயம் சம்சாரியாக இருக்க வேண்டும்.

லோடை யார் எண்ணுவது என்று ஒரு கேள்வி வரும். ஆலையிலிருந்து பில் இல்லாமல் லாரி கிளம்புவதில்லை. மகமை காலத்து வியாபாரி தன் பேரேட்டிலேயே மகமைக்குத் தனிப் பற்று எழுதி வைத்தார். பில் போடுகிற கம்ப்யூட்டரில் இன்னொரு வரி சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.