நிரூபிக்க வேண்டியது விவசாயி இல்லை

டெல்டாவில் ஷேல் வாயு எடுக்கக் கூடாதுன்னு சொன்னா, பட்டணத்துல படிச்சவங்க உடனே கேக்கறாங்க: "நிலத்தடித் தண்ணி கெடும்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?" பெட்ரோலிய இன்ஜினியரிங்ல பி.எச்டி. வாங்கினவர் எதிர்ல, பள்ளிக்கூடத்தோட நின்னுட்ட எங்களை நிறுத்திட்டுக் கேக்கற கேள்வி. இந்தக் கேள்வியே தப்புங்க.

ஏன் தப்புன்னு காஞ்சிபுரத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மேல, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு நம்ம பாலாத்தைக் கெடுத்த வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. கேடு வராதுன்னு நிரூபிக்க வேண்டியது தொழில் பண்றவர்தான். விஞ்ஞானம் இன்னும் உறுதியா சொல்லலைன்னு காரணம் காட்டி, தடுக்கற வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல தீர்ப்பு. ஆனா அதுக்குள்ள ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாழாகிப் போச்சுன்னு அதே தீர்ப்புல இருக்கு.

ஷேல் வாயு எப்படி எடுக்கறாங்க? கிலோமீட்டர் கணக்குல கீழ துளை போட்டு, பக்கவாட்டுல திருப்பி, தண்ணி, மணல், ரசாயனம் மூணையும் கடும் அழுத்தத்துல செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்கறாங்க. அமெரிக்காவுல ஒரு கிணத்துக்கே 57 லட்சம் லிட்டர்ல இருந்து 6 கோடி லிட்டர் வரைக்கும் தண்ணி போகுது. மேல திரும்பி வர்ற உப்புத் தண்ணியை எங்க கொட்டறது? ஓக்லஹோமாவுல அந்தக் கழிவுத் தண்ணியைத் திரும்ப பூமிக்குள்ள இறக்கினதோட சம்பந்தப்பட்ட நிலநடுக்கம் 2016-ல் 5.8 அளவுக்கு வந்துச்சு. பிரான்ஸ் 2011-லயே இந்த முறைக்குத் தடை போட்டுடுச்சு.

நம்ம நாட்டுல 2013-ல் ஷேல் வாயு தேட அனுமதி கொடுத்தாங்க. காவிரிப் படுகையும் அதுல சேர்த்தி. 2020 ஜனவரியில, எண்ணெய், எரிவாயு தேடற கிணறுங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம்னு மத்திய அரசு ஆணை போட்டது. அடுத்த மாசமே தமிழ்நாட்டுச் சட்டம் டெல்டாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனா ஏற்கெனவே ஓடற கிணறுங்களை அது தொடலை. திருச்சி, அரியலூர் அந்த வட்டத்துக்கு வெளியதான். எங்க மாவட்டமும் வெளியதான்.

ஆராய்ச்சியே வேண்டாம்னு நான் சொல்லலைங்க. விரிசல் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வாயு கிடைக்கும்னு கணக்குப் போடறவங்க, அந்தக் கழிவுத் தண்ணிக்கும் கணக்கு சொல்லணும். துளை போடறதுக்கு முன்னாடியே சுத்துப்பட்டுக் கிணறு ஒவ்வொண்ணுலயும் தண்ணியைச் சோதிச்சு எழுதி வைக்கணும். என்ன ரசாயனம் இறக்கறாங்கன்னு ஊர்ல படிச்சுக் காட்டணும். எங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும். ஆய்வு நாலஞ்சு வருஷத்துல முடியும், அவங்க பட்டத்தோட கிளம்பிடுவாங்க. கெட்ட கிணத்துக்கு அப்புறம் யார் பேர்ல ரசீது போடறது? அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அப்புறமா எங்ககிட்ட ஆதாரம் கேளுங்க.