சி ஷிஃப்ட் பிள்ளைகளின் ஜெப வேளை

ஞாயிறு காலை ஏழு மணி சுமாருக்குச் சுங்குவார்சத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக நின்றால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டையும் கையில் வேதாகமமுமாக ஆராதனைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, போய்ப் படுத்தால் போதும் என்று நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாம் கூட்டத்திலும் கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்டு. தூத்துக்குடி, நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள்; ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். "அதிகாலையில் எழுந்து ஜெபியுங்கள்" என்று அன்றைக்குப் பிரசங்கத்தில் ஐயர் சொல்லும் நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்டிருந்தால்தான் என்ன செய்ய முடியும்? இரவு பத்து மணிக்கு லைனில் நின்று காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவளுக்கு அதிகாலைதான் நாளின் கடைசி.

அந்தப் புத்திமதியில் தப்பில்லை. இருட்டோடே எழுந்து தனியிடம் தேடிப் போய் இயேசு ஜெபித்ததை மாற்கு தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். ஆனால் தென்மாவட்டங்களில் அந்தப் பழக்கம் எப்படி வேர்பிடித்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1799இல் டேவிட் சுந்தரானந்தத்தின் முயற்சியால் சாத்தான்குளத்துப் பக்கம் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. பிறகு 1820 முதல் 1838 வரை பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் இருந்த காலத்தில் ஊர் ஊராகச் சபைகள் எழும்பின. உபதேசியார் ஒருவர், சின்னதாக ஒரு கோயில், ஒரு மணி. காலையிலும் மாலையிலும் மணி அடிக்கும், ஜனங்கள் கூடுவார்கள். பனையேறுகிறவனும் வயலுக்குப் போகிறவனும் ஏறக்குறைய ஒரே பொழுதில் புறப்பட்டு ஒரே பொழுதில் திரும்பினார்கள். ஜெபத்துக்கு நேரம் கண்டுபிடிப்பது அங்கே தனி ஆளின் பாடாக இருக்கவில்லை. நேரத்தை ஊரே ஒதுக்கிக் கொடுத்தது.

அந்த ஊர்களின் பேத்திகள்தான் இன்று இங்கே ஃபோன் பூட்டுகிறார்கள், கார் வயரிங் கட்டுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவை எத்தனையோ. பல ஆலைகளில் ஆறு, இரண்டு, பத்து என்று பொழுது மூன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. இந்த வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதற்கடுத்து சி. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகும் முன்னே நேரம் மாறிவிடுகிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரமே அது. இப்படிப்பட்ட விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து வரும்போது இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். விளக்குப் போட முடியாது, வாய்விட்டுப் பாட முடியாது, முழங்கால் போடக் கட்டில்களுக்கு நடுவே இடமும் கிடையாது. சில கம்பெனிகளில் செல்போனை உள்ளே விடுவதில்லை. அதில் இருக்கும் வேதாகமமும் லாக்கரிலேயே கிடக்கும்.

அப்படியும் ஜெபிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் துப்பட்டாவை எடுத்து முகம் மறைய முக்காடு போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்துக்காக அப்படிப் போர்த்திக்கொள்கிறவர்கள்தான், ஆகவே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரியும். அவள் காஞ்சிபுரத்துப் பெண், பெருமாளைக் கும்பிடுகிறவள். முக்காடு விழுந்தால் ஒரகடம் மேம்பாலம் வரைக்கும் பேச்சுக் கொடுக்க மாட்டாள். யாராவது சத்தமாகப் பாட்டுப் போட்டால், "கொஞ்சம் குறைங்கக்கா" என்று அவளே சொல்லிவிடுவாள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா, பத்தொன்பது பிள்ளை பெற்றவர், வீட்டு அமளிக்கு நடுவே சமையல் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்றும், அந்த நேரத்தில் பிள்ளைகள் அண்ட மாட்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்தத் துணிக்குள் அம்மாவுக்கு இடம் விட்டவர்கள் பிள்ளைகள். இங்கே இடம் விடுகிறவள் வேறு சாமி கும்பிடும் ஒரு சிநேகிதி. இராமானுஜர் 1017இல் பிறந்த ஊர்ப் பக்கம் இது. பொழுதைப் பூசை வேளைகளாகப் பிரித்துப் பழகிய மண்ணில், ஒருத்தியின் ஜெப வேளையை இன்னொருத்தி மதிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, சந்தோஷம் உண்டு.

வேலைக்கு நடுவே ஜெபம் என்ற பேச்சு வந்தாலே சகோதரர் லாரன்ஸின் பெயரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் கார்மேல் சபை மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்து, 1691இல் மறைந்த எளிய மனிதர். சட்டி பானைகளுக்கு நடுவிலும் கடவுளோடு இருந்தவர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் லைனில் நிற்கிறவர்களிடம், "அவரைப் போல வேலை செய்துகொண்டே ஜெபியுங்கள்" என்று லேசாகச் சொல்லிவிடுவதை ஏற்க மாட்டேன். அடுப்பில் வேகும் பண்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். லைனை இறக்கி வைக்க முடியாது; அதன் வேகத்தை நிர்ணயிப்பது வேறு யாரோ. பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவனின் கவனம் ஒரு நொடி விலகினால் விரல் போய்விடும். அங்கே அவன் முழுக் கவனத்தையும் வேலையில் வைப்பதுதான் கடவுளுக்குச் செய்யும் மரியாதை. ஜெபத்துக்கு இடைவேளை வேண்டும்.

இடைவேளைகள் இருக்கின்றன, ஆனால் சின்னவை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த அரை மணியில் கேன்டீன் வரிசை, சாப்பாடு, கை கழுவல், திரும்பி வருதல் எல்லாம் அடக்கம். மிச்சம் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. அது போதாது என்று சொல்லிவிட வேண்டாம். ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில் நெகேமியா ஜெபித்தான். அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? ஆனால் நெகேமியாவுக்குப் பின்னால் பல நாள் அழுது உபவாசித்து ஜெபித்த ஜெபம் இருந்தது. நொடி ஜெபத்துக்கு வேர் வேண்டும். அந்த நீண்ட ஜெபத்துக்கான நேரத்தை ஒரு பெண் தன் தூக்கத்திலிருந்து மட்டுமே பிய்த்தெடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதினார். பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று ஜெபத்தைக் கறாராக வகுத்தவர் அவர். அதே மனிதர் ஐம்பதாவது அத்தியாயத்தில், தூரத்தில் வேலை செய்வதால் நேரத்துக்கு ஆலயம் வர முடியாதவர்கள் இருக்கும் இடத்திலேயே முழங்காலிட்டு ஜெபிக்கட்டும் என்கிறார். வராதவர்கள் என்று அவர்களைத் தள்ளவில்லை. மடத்தில் மற்றவர்கள் ஜெபிக்கும் அதே வேளையில் வயலில் இருப்பவனும் ஜெபிக்கிறான். அவனும் கூட்டத்தில் ஒருவன்தான்.

நம் சபைகள் இதைச் செய்யலாம். இந்தப் பக்கத்தில் ஞாயிறு மாலையிலும் ஆராதனை வைக்கிற சபைகள் இருக்கின்றன, நல்ல காரியம். ஆனால் பி ஷிஃப்ட் வாரத்தில் மாலையும் உதவாது. சி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காலை ஏழரைக்கு அரை மணி நேரக் கூடுகை, பிரசங்கம் இல்லாமல், ஒரு சங்கீதமும் ஜெபமும் ஒரு டம்ளர் டீயும் என்று வைத்தால் என்ன? ஒரு மூப்பர் சாவியோடு வந்தால் போதும்.

இன்னொன்று, லெந்து நாட்களின் சங்கிலி ஜெபம். இருபத்து நான்கு மணி நேரத்தையும் அரை அரை மணியாகப் பங்கிட்டுக் குடும்பங்களின் பெயரை எழுதுவார்கள். சாயங்கால மணிகளுக்குப் போட்டி இருக்கும். நள்ளிரவு ஒன்று, இரண்டு, மூன்று மணிக்குத்தான் ஆள் கிடைக்காது. கடைசியில் ஐயரோ உபதேசியாரோ தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விழித்திருக்கும் சபை மக்கள் ஒரகடத்தில் இருக்கிறார்கள். அடுத்த பட்டியல் எழுதும் முன் விடுதிப் பிள்ளைகளிடம் இந்த வாரம் யாருக்கு சி ஷிஃப்ட், சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அரை மணி முழுக்க அவர்களால் தர முடியாது. ஐந்து நிமிடம் தருவார்கள்; ஆறு பேர் சேர்ந்தால் அந்த அரை மணி நிரம்பிவிடும்.